ஒத்தக்கால்ல நிக்க ஆளும் ஒம்போது மணி நேர ஷோர் லீவும்

கப்பல் யோகோஹாமா ஹோன்மோக்குல கட்டும்போ விடியக்காலம் அஞ்சு மணி. பத்துக்கெல்லாம் ஷோர் லீவு, கரைக்கு எறங்கி சுத்தலாம், ராத்திரி ஏழுக்கு கேங்வேல, அதான் கப்பல்ல ஏறுற படியில, நிக்கணும்னு செகண்ட் இன்ஜினியர் சொல்லிட்டாரு. கூட உள்ளவனுவ சிம் கார்டு, சாக்லேட்டுன்னு பக்கத்துலயே சுத்த போனானுவ. நான் கன்னாய் ஸ்டேஷன்ல நீலக்கோடு போட்ட ரயில்ல ஏறி ஒரே இருப்பா டோக்கியோ கண்டா ஸ்டேஷன்ல எறங்கி, அங்கேருந்து நடந்தே ஜிம்போச்சோ போய்ட்டேன். பழைய புஸ்தகக்கடை தெரு அது. ஆனா நான் போனது புஸ்தகத்துக்கு இல்ல, ஒரு மாடியில இருக்க பேஸ்பால் கார்டு கடைக்கு.

கோட்டாறுல பொறந்தவனுக்கு பேஸ்பால்ல என்ன வேலன்னு கேப்பிய. நியாயந்தான். எனக்கு ஆட்டம் பாதி புரியாது, கார்டுதான் பைத்தியம். சின்னதுல தீப்பெட்டி படம், அப்புறம் பிக் ஃபன் பபுள்கம் படம், ரன்னு விக்கெட்டெல்லாம் போட்டு வருமே அது, எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு மச்சுல வச்சிருந்தேன். ஒரு மழைக்காலம் முடிஞ்சி ஏறிப் பாத்தா பெட்டிய தூக்குன உடனே அடி கழண்டு செம்மண்ணா கொட்டுது. கறையான். சச்சின் பாதி மூஞ்சியோட கெடந்தாரு.

ஜப்பான்லயும் கத ஏறக்கொறைய நம்ம பபுள்கம் கததான். கால்பீன்னு சிப்ஸ் கம்பெனி, 1971ல ஒரு டிவி ஹீரோ படம் போட்ட கார்டோட ஸ்நாக்ஸ் வித்துருக்கான், பிள்ளைய கார்ட எடுத்துட்டு ஸ்நாக்ஸ ரோட்டுல வீசி பெரிய பிரச்சன ஆயிருக்கு. அதுக்குப் பெறவு 1973ல பேஸ்பால் கார்டு ஆரம்பிச்சான், மொத கார்டு ஜயன்ட்ஸ் டீம் நாகாஷிமா. இன்னிக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வெளிய ரெண்டு கார்டு ஒட்டி வருது. லக்கி கார்டு விழுந்தா அத அனுப்பி ஆல்பம் வாங்கிக்கிடலாம்.

கடையில நொழஞ்ச உடனே கண்ணாடி அலமாரி. உள்ள ஓதானிங்கிற பெரிய ஆட்டக்காரரு, 2013ல பிபிஎம் கம்பெனி போட்ட கார்டு, அமெரிக்கா போறதுக்கு முந்தி நிப்பான்-ஹாம் டீம்ல 11ஆம் நம்பர் சட்ட போட்டு ஆடுனாருல்லா அது. வெலயில சைபர எண்ணுனேன், ரெண்டாவது தடவ எண்ணல. பேசாம நூறு யென் பெட்டிக்கு வந்து குனிஞ்சிட்டேன். நூறு யென்னுன்னா நம்ம காசுக்கு அம்பத்தஞ்சு அறுவது ரூவா.

பெட்டியில பேரு எல்லாம் ஜப்பான் எழுத்து, ஒண்ணு வாசிக்க முடியாது, சட்ட நம்பரும் தொப்பியில உள்ள அடையாளமும் பாத்துதான் எடுக்கணும். திமிங்கலம் போட்ட டீம் ஒண்ணு வந்துட்டே இருந்து. போன்ல கேமராவ காட்டிப் பாத்தா தாயோ வேல்ஸ், மீன்பிடி கம்பெனிக்காரன் நடத்துன டீமாம், 1978ல யோகோஹாமாக்கு வந்துருக்கு, அதுதான் இப்ப பேஸ்டார்ஸ். மீன் கம்பெனிக்கு ஒரு டீம்! நம்ம குளச்சல்ல இப்பிடி ஒண்ணு இருந்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சி சிரிச்சிட்டு, யாரு எவருன்னே தெரியாம பன்னெண்டு திமிங்கலக் கார்டு எடுத்தேன்.

பக்கத்துல வேற பெட்டி, கொஞ்சம் வெல கூட. அதுலதான் "சதஹாரு ஓ"ங்கிற ஜயன்ட்ஸ் ஆட்டக்காரரு கெடச்சாரு. எழுவதுகள் கால்பீ கார்டு, மூலை நாலும் மழுங்கி, செவப்பு கொஞ்சம் வெளுத்து. இடது கால்ல நின்னு வலது கால மடக்கித் தூக்கிட்டு மட்டய ஓங்கி நிக்காரு, பந்து இன்னும் வரல. இந்த ஆளு 1959ல டீம்ல சேந்து மூணு வருஷம் பெருசா ஒண்ணும் அடிக்கல, 1962ல கோச் சொல்லி இப்பிடி ஒத்தக்கால்ல நிக்க ஆரம்பிச்சி அந்த வருஷமே 38 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, 1980ல ரிட்டயர் ஆவும்போ மொத்தம் 868. இத ஃபிளமிங்கோ பறவ நிக்க மாதிரின்னு சொல்லுவாங்க. எனக்கு சட்டுன்னு ஞாபகம் வந்தது நம்ம விவேகானந்தர் பாறை ஸ்ரீபாதம், அம்மன் ஒத்தக்கால்ல தவம் நின்ன எடம்னு பாட்டி கையெடுத்து கும்பிட வச்ச எடம். 1,500 யென். யோசிக்கல.

அப்புறம் மென்கோ. கட்டி அட்டையில வட்டமாவும் நீட்டமாவும் இருக்கும், அம்பதுகள்ல பேஸ்பால் ஆளுங்க படம் போட்டு நெறைய வந்துருக்கு, பின்னாடி கல்லு-காகிதம்-கத்திரி அடையாளம். தரையில கெடக்க அட்டைய நம்ம அட்டையால ஓங்கி அடிச்சி கவுத்தணும், கவுத்துனா அது நமக்கு. அதுக்கு முந்தி ஈயத்துலயும் செஞ்சிருக்கான், பிள்ளையளுக்கு விஷம்னு அப்புறமா காகிதம் ஆச்சி. சிகரெட்டு அட்ட ஆட்டம் ஆடுனவனுக்கு இத யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கடைக்கார தாத்தா உள்ள போய் உறை போட்ட புத்தம்புது மென்கோ நாலு கொண்டு வந்து வச்சாரு. எனக்கு அது வேண்டாம், ஆடி அடிவாங்குனது வேணும். அத எப்பிடி சொல்ல? போன்ல டைப் பண்ணுனா என்ன மாத்திக் காட்டுச்சோ, அவரு பதறி குனிஞ்சி குனிஞ்சி மன்னிப்பு கேக்காரு, சரக்கு சரியில்லன்னு சொல்லுதேன்னு நெனச்சிட்டாரு போல. கடைசியில போன உள்ள போட்டுட்டு தரையில அடிக்க மாதிரி கைய ஓங்கிக் காட்டுனேன். மனுஷன் ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு. கல்லாவுக்கு அடியிலேருந்து ஒரு டின்ன எடுத்து, மூலை பிஞ்ச ரெண்ட பொறுக்கி, ஒண்ண மேசையில வச்சி இன்னொண்ணால போட்டாரு பாருங்க ஒரு அடி, டப்புன்னு கவுந்து கெடக்கு! பக்கத்துல கார்டு பாத்துட்டு நின்ன பையன் துள்ளிட்டான்.

ஏழு மென்கோ வாங்குனேன். பிஞ்சதுக்கும் தனித்தனியா உறை போட்டு, ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சி டேப் ஒட்டி, டேப்போட நுனிய மட்டும் பிரிக்க லேசா மடிச்சி விட்டுத் தந்தாரு. ஆறே முக்காலுக்கு கேங்வே. செகண்ட் இன்ஜினியர் பைய எட்டிப் பாத்து, டோக்கியோ வரைக்கும் போய் இதையாவே வாங்கிட்டு வந்தன்னு கேட்டாரு.

கான்ட்ராக்ட் முடிஞ்சி ஊருக்கு வந்து அக்கா மவனுக்கு திண்ணையில வச்சி ஆட்டத்த சொல்லிக் குடுத்தேன். மூணாவது அடியில என் வட்ட மென்கோவ கவுத்திட்டான். தால மக்கா, மாமா ஆல்பத்துல வைக்கணும்னு கேட்டா, "கவுத்துனா எனக்குன்னு நீங்கதானே சொன்னிய மாமா"ன்னு டவுசர் பாக்கெட்டுல போட்டுட்டு ஓடிட்டான். இப்ப ஆறுதான் இருக்கு.