ரோலண்ட் கேரோஸ் செம்மண்

பாரிஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கும் ரோலண்ட் கேரோஸ் ஆடுகளம் பார்க்க முழுக்க மண்தரை மாதிரி இருக்கும். உண்மையில் மேலே கிடக்கும் செங்கல் தூள் ஓரிரு மில்லிமீட்டர்தான், அடியில் சுண்ணாம்புக்கல். தூளில் உரசிப் பந்து வேகம் குறையும், உயரமாக எழும். பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு அடிக்கும் டாப்ஸ்பின்காரர்களுக்குக் கொண்டாட்டம். போலந்து வீராங்கனை இகா ஷ்வியான்டெக் இங்கே 2020, 2022, 2023, 2024 என நான்கு முறை வென்றது சும்மா இல்லை.

சறுக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். அடித்துவிட்டுச் சறுக்கினால் நடுவுக்குத் திரும்புவதற்குள் அடுத்த பந்து போய்விடும்.

அதிகம் சுழலவிடாமல் தட்டையாக ஓங்கி அடிப்பவர் காற்றடித்தால் காலி. 2025 பெண்கள் இறுதிப் போட்டியில் எதிராளி நெருக்காமலே சபலென்கா செய்த தவறுகள் மட்டும் 70! 6-6 எனச் சமனானபின் ஆடும் டைபிரேக்கில் முதல் செட்டை விட்ட கோகோ காஃப், சளைக்காமல் பந்தைத் திருப்பி அனுப்பியே 6-2, 6-4 என முடித்தார்.

கோட்டருகே சந்தேகமா? நடுவர் இறங்கி வந்து மண்ணில் பந்து பதித்த தடத்தைப் பார்ப்பார். டிவி கிராஃபிக்ஸ் வேறு சொன்னாலும் அங்கே செல்லாது.