அரிசி டிரம்மில் போன்

ஜூன் 5
போனை அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். அவ்வப்போது உள்ளேயிருந்து உறுமுகிறது.

ஜூன் 6
களி, கீரைக் கடைசல். உப்பில்லை. ஊறுகாய் ஜாடியை எங்கேயோ ஒளித்திருக்கிறாள்.

ஜூன் 8
தூக்கமில்லை. மறுபடி ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி கதைதான். 1964 ஏப்ரல் 7, சிஸ்டம்/360 என்ற கம்ப்யூட்டர் வரிசை. ஒரே நாளில் ஆறு மாடல்களை அறிவித்தார்கள். சின்ன மெஷினுக்கு எழுதிய புரோகிராம் பெரியதிலும் ஓடணும். 500 கோடி டாலர் செலவு, அவர்களுடைய அப்போதைய ஒரு வருட வருமானத்தைவிட அதிகம். கம்பெனித் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியருக்கு நெஞ்சழுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் செய்து தரும் வேலையை யார் தலையில் கட்டினார்? தம்பி டிக் தலையில். விற்கும் வேலை இன்னொரு அதிகாரி லியர்சனுக்கு. ஆர்டர் குவியுது, தயாரிப்பு திணறுது, சாப்ட்வேர் இழுத்துக்கொண்டே போகுது. கடைசியில் தம்பியை ஓரங்கட்டிவிட்டு லியர்சனையே இறக்கினார். மெஷின் ஜெயித்தது.

எங்கள் மீட்டிங்கிலும் விற்றவனுக்குத்தான் கைதட்டு. அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் சொன்னபோது என் தம்பி ஒன்றும் பேசவில்லை. ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மூடிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 9
அவன் கூப்பிட்டானா என்று அம்மாவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 12
பதினைந்து நிமிஷம் நடக்கலாமாம். மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா லோடு வரிசை. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்குகிறார். அடியில் இருக்கும் காய் நசுங்கிச் சாறு சொட்டுது, ஈ மொய்க்குது. சீசன் நன்றாக இருக்கிறதாம்.

ஜூன் 13
வாட்சனுக்கு 1970-ல் மாரடைப்பு. 1971-ல் நாற்காலியை லியர்சனிடம் விட்டுவிட்டார், வயது 57. பிறகு படகில் கிரீன்லாந்து வரைக்கும் போனார். எனக்கு 46. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைவரைக்குமாவது போகலாம்.

டிக் 1974-ல் வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். 55.

ஜூன் 14
டிரம்மில் கை விட்டு எடுத்துவிட்டேன். 214 மெசேஜ். எல்லாம் ஆபீஸ்.

ஜூன் 15
"பெரியவன் நீதான்டா பேசணும்." இதோடு மூன்று தடவை.

ஜூன் 17
அம்மா செந்தூராவை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டிவிட்டாள். மேலே விலாசம் மட்டும் நான் எழுதணுமாம். எழுத உட்கார்ந்தேன். வீடு மாறி எட்டு மாசம். கதவு எண் தெரியாது.