பந்தயத்தை விட்டு வீட்டுக்கு வந்த கார்

வெற்றி பெற்ற படத்திற்கு இரண்டாம் பாகம் எடுப்பவர்கள், முதல் படத்தில் கைதட்டல் வாங்கிய காட்சிகளையே இன்னும் பெரிதாக்கித் தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். 1974இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ஹெர்பி ரைட்ஸ் எகெய்ன்’ அந்த வழியில் போகவில்லை. 1968இல் வந்த ‘தி லவ் பக்’ படத்தில் பந்தயங்களில் ஓடிப் புகழ்பெற்ற, ஹெர்பி என்ற உயிருள்ள 53ஆம் எண் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், இதில் ஒரு மூதாட்டியைக் கடைக்கு அழைத்துச் செல்கிறது. அவர் வீட்டைக் காக்கிறது. முதல் படத்தின் நாயகன் டீன் ஜோன்ஸ் இதில் இல்லை. அவருடைய பாத்திரம் பந்தயங்களுக்காக ஐரோப்பா போய்விட்டதாகக் கதை ஒரு வரியில் சொல்லி நகர்கிறது. நாயகன் இல்லாத இடத்தில் எழுபது வயதைக் கடந்த ஹெலன் ஹேய்ஸை அமர்த்தியதுதான் இப்படத்தின் மிகச் சிறந்த முடிவு என்று நான் கருதுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் பழைய தீயணைப்பு நிலையக் கட்டடம் ஒன்றில் வாழும் திருமதி ஸ்டைன்மெட்ஸ் (ஹேய்ஸ்), கட்டட முதலாளி அலோன்ஸோ ஹாக் கட்ட நினைக்கும் 130 மாடிக் கோபுரத்திற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். சுற்றிலும் எல்லாம் இடிக்கப்பட்டு, அந்த ஒரு வீடு மட்டும் தனித்து நிற்கும் காட்சியை எங்கள் பகுதியில் யாரும் வெறும் வேடிக்கையாகப் பார்க்க முடியாது. சென்னை–பெங்களூரு சாலையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. சாலை அகலமானபோது பாதி வெட்டப்பட்ட வீடுகளின் சுவர்களில் அலமாரிக் குழிகள் வெயிலில் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலம் அறியாத என் அம்மா, “அந்தம்மா ஊட்ட உட்டுட்டு எங்கடா போவும்?” என்று கேட்டார். கதையின் மையம் அந்தக் கேள்விதான். அதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

காருக்கு உயிர் உண்டு என்பதையும் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, கோபித்துக்கொள்ளும் கார் ஒரு விந்தையே அல்ல. ஹாக்கின் உறவினரான இளம் வழக்கறிஞர் வில்லோபி, இது வெறும் இயந்திரம்தானே என்று அலட்சியமாகப் பேசிய பின் ஹெர்பி அவரைப் படுத்தும் பாட்டை எங்கள் வீட்டில் அனைவரும் நியாயமான தண்டனை என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சன் ஹெர்பிக்குப் பேச்சும் தரவில்லை, வாயும் தரவில்லை. பீட்டிலின் எஞ்சின் பின்புறம் இருக்கிறது, அதுவும் காற்றால் குளிர்விக்கப்படுவது. ஆகவே முன்பக்கம் ரேடியேட்டர் கம்பிகள் இன்றி மழமழவென்று இருக்கிறது. அந்த வளைவின் இருபுறமும் உள்ள விளக்குகளைப் பிள்ளைகள் தாமாகவே கண்களாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கதவு படாரென்று சாத்தப்படுவது கோபம், வண்டி மெல்லப் பின்வாங்குவது தயக்கம். இன்றைய கணினி வரைகலைப் படங்களில் கார்கள் புருவம் உயர்த்திப் பேசுவதைவிட இந்த மௌன நடிப்பு எனக்கு மேலானதாகப் படுகிறது.

நகைச்சுவையில் உச்சமான இடம் துரத்தல் காட்சிகள் அல்ல. இதற்குள் மூதாட்டியின் பக்கம் சேர்ந்துவிட்ட வில்லோபி, ஹாக்கின் குரலில் தொலைபேசியில் பேசி, இடிக்க வேண்டிய கட்டடத்தின் முகவரியாக ஹாக்கின் சொந்த வீட்டு முகவரியையே இடிப்புக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார். அடுத்தவர் கூரையைப் பிரிக்க நினைத்தவனின் கூரை அவன் கண்முன்னே சரிகிறது. என் அம்மா இந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஹாக்காக வரும் கீனன் வின், இதே பெயருடைய பாத்திரத்தை 1961இலும் 1963இலும் வந்த இரண்டு டிஸ்னி படங்களில் ஏற்கெனவே நடித்தவர். அந்தப் பழக்கத்தினால்தான் போலும், பேராசையை அவ்வளவு இயல்பாகக் காட்டுகிறார்.

குறைகளும் உண்டு. ஹாக்கின் கெட்ட கனவில் கார்கள் அமெரிக்கப் பழங்குடிகளைப் போல் வேடமிட்டு வருவதை இன்று ரசிக்க முடியாது. பிள்ளைகளிடம் அது ஏன் தவறு என்று நிறுத்திச் சொன்னேன். காதல் பகுதி ஒப்புக்கு இருக்கிறது.

ஆனால் இறுதியில் ஹாக்கின் புல்டோசர்கள் அந்த வீட்டை நோக்கி வரும்போது, நகரின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம், பழைய இரும்புக் கிடங்கிலிருந்தும்கூட, ஓட்டுநரே இல்லாத பீட்டில்கள் ஹெர்பியின் அழைப்பைக் கேட்டுத் திரண்டு வருவது பந்தய வெற்றி எதுவும் தராத நிறைவைத் தருகிறது. 1977இல் வந்த மூன்றாம் படத்தில் ஹெர்பி மறுபடியும் பந்தயத்திற்கே போய்விடுகிறது, டீன் ஜோன்ஸும் திரும்புகிறார். அதையும் பார்த்தோம், சிரித்தோம். என் பிள்ளைகள் திரும்பப் போடச் சொல்வது என்னவோ பாட்டி வரும் படத்தைத்தான்.