767-ஐத் தேடி இரண்டு தடவை

லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வைத்திருந்த தொழிற்சங்கத்தின் பழைய பதிவேடுகளைத் தேடி ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

வாசகர் அட்டை, நேரம் வாங்குவது எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தது. சீட்டில் அந்தச் சங்கக் கிளையின் பெயரை, 'லோக்கல் 767' என்று எழுதிக் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் கணினியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "அப்படி எதுவும் இல்லை" என்றார். அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பில் அப்போது பல ஊர்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை, சென்ட்ரல் அவென்யூவில் ஒரு பழைய வீட்டில் இருந்ததுதான் 767 என்று நின்றபடியே பாடம் எடுத்தேன். "நம்பரைச் சரியாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்று சீட்டைத் திருப்பித் தள்ளினார். அன்றைய பொழுது போச்சு.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. 1953இல் 767 வெள்ளையர் கிளையான 47உடன் இணைந்துவிட்டதே! ஸ்டுடியோ வேலையெல்லாம் 47காரர்களுக்கே போனதால் பட்டி காலெட், மார்ல் யங், பென்னி கார்ட்டர் போன்ற கறுப்பின இசைக்கலைஞர்கள் பாடுபட்டு வாங்கிய இணைப்பு அது. ஆனால் எண் காணாமல் போயிற்று. சிகாகோவில் 1966இல் இணைந்த கிளைக்கு 10-208 என்று பெயர். கறுப்பர் கிளையின் 208 வாலாகவாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேடுகிறவனுக்குத்தான் அந்த வாலின் அருமை தெரியும்.

அடுத்த தடவை 47 என்று எழுதினேன். பெட்டிகள் வெளிக் கிடங்கிலிருந்து வர மூன்று நாளாம்! அதனால் போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனா உள்ளே விடமாட்டார்கள். ஸ்வெட்டரும் அவசியம், ஏசி அப்படி.

மூன்றாவது பெட்டியின் அடியில் பழுப்பேறிய ஒரு கோப்பு. முகப்பில் 767 என்ற எண்ணைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 47 என்று எழுதியிருந்தார்கள். உள்ளே சந்தா அட்டைகள். ஒன்றில் மாதத்துக்கொரு முத்திரை வரிசையாக விழுந்து, நடுவில் நான்கு கட்டம் மட்டும் காலி. அந்த நான்கு மாதம் அவருக்கு வாசிக்க இடம் கிடைக்கவில்லையோ என்னவோ.

பிலடெல்பியாவின் கறுப்பர் கிளையான 274ஐத் தேடுகிறவர்கள் என் வழியில் போய் ஏமாற வேண்டாம். 274காரர்கள் வெள்ளையரின் 77உடன் சேரவே மறுத்தவர்கள். 1971இல் கூட்டமைப்பு அவர்களைக் கழற்றிவிட்டது. அவர்கள் தொடங்கிய கிளெஃப் கிளப் என்ற ஜாஸ் மன்றத்தில் முதலில் விசாரியுங்கள்.

கிளம்பும்போது மேசைக்காரரிடம் கோப்பைக் காட்டினேன். முகப்பைப் பார்த்தார், கணினியில் ஏதோ சேர்த்தார். இப்போது 767 என்று தட்டினால் அந்தப் பெட்டி வருகிறது. நகலுக்கு மட்டும் முழுக் காசும் வாங்கிக்கொண்டார்.