மார்த்தாண்டத்தில் இருந்தே மெடிக்கல் ரைட்டர் வேலை: தேர்வு நடந்த விதம்

நம் குமரி மாவட்டத்தில் பார்மசி, நர்சிங், பயோடெக் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. படிப்பு முடிந்ததும் கல்ஃபா, பெங்களூரா, இல்லை உள்ளூர் கல்லூரியா என்பதுதான் வீட்டுப் பேச்சு. நானும் எம்.பார்ம் முடித்து ஒரு தனியார் கல்லூரியில் பார்மகாலஜி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மெட்காம்ஸ் நிறுவனம் ஒன்றில் மெடிக்கல் ரைட்டர், மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்தே வேலை. ஆள் எப்படி எடுக்கிறார்கள் என்று பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

மருந்து ஆய்வுகளின் முடிவுகளை மருத்துவ இதழ்க் கட்டுரையாக, மாநாட்டுப் போஸ்டராக, டாக்டர்களுக்கான ஸ்லைடாக எழுதித் தருவதுதான் மெட்காம்ஸ். மருந்துக்கு அனுமதி கேட்டு அரசு அமைப்புகளிடம் கொடுக்கும் ஆய்வறிக்கைகளை எழுதுவது ரெகுலேட்டரி ரைட்டிங். அதற்கு ஐசிஎச் இ3 (மருந்து ஆய்வறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச வழிகாட்டி) மாதிரியான தனி வரையறைகள் உண்டு. விண்ணப்பிக்கும்போது எதற்குப் போடுகிறோம் என்று தெளிவாக இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

லிங்க்ட்இன்னில் தேட ஆரம்பித்ததும், 'பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள், வேலைக்கு கேரண்டி' என்று ஓர் இடைத்தரகர் நிறுவனம் விடாமல் கூப்பிட்டது. நம்பரை பிளாக் செய்தேன். ஒழுங்கான நிறுவனம் எதுவும் தேர்வுக்கென்று நம்மிடம் காசு கேட்பதில்லை.

உண்மையான அழைப்பு வந்தபோது எச்.ஆர். முதலில் விசாரித்தது படிப்பையல்ல, கரன்டையும் நெட்டையும். வருடத்தில் இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர், ரப்பர் மரக் கொம்பு ஒடிந்து லைனில் விழுந்தால் எப்போது சரியாகும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இருக்கிறது, பிஎஸ்என்எல் ஃபைபர் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கிறது என்றேன். சரி என்று அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்தது ரைட்டிங் டெஸ்ட். என்னைக் கேட்டால் ஆளை எடுப்பதும் விடுவதும் இங்கேதான். மற்றதெல்லாம் சடங்கு மாதிரி.

ஒரு மருந்து ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் அப்ஸ்ட்ராக்ட்டையும் (கட்டுரையின் தொடக்கச் சுருக்கம்) டிஸ்கஷனையும் வெட்டி எடுத்திருந்தார்கள். 250 வார்த்தைக்குள் அப்ஸ்ட்ராக்ட் எழுத வேண்டும், சில ஸ்லைடுகள் செய்ய வேண்டும், ஒவ்வொரு எண்ணும் எந்தப் பக்கத்தில் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று குறித்துக் காட்டவும் வேண்டும். ஆங்கிலம் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வேலையில்தான் விழுகிறார்கள்.

படித்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஆய்வின் முதன்மை முடிவில், அதாவது ஆய்வு முக்கியமாகப் பார்க்க நினைத்த விஷயத்தில், ஒப்பிட்ட இரு குழுக்களுக்கும் புள்ளியியல்ரீதியாக வித்தியாசம் நிரூபணம் ஆகவில்லை. வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்க உதவும் பி மதிப்பு, வழக்கமான வரம்பான 0.05-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் துணை முடிவுகளில் ஒன்று மட்டும் பளிச்சென்று நன்றாக இருந்தது: ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தவர்கள் 100-க்கு 4 பேரிலிருந்து 3 பேராகக் குறைந்திருந்தார்கள். இதை '25 சதவீதம் குறைந்தது' என்றும் எழுதலாம், '100-க்கு ஒருவர் குறைந்தார்' என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. முதலாவதை மட்டும் போட்டால் படிக்கிற டாக்டர் மருந்தைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடுவார். நான் முதன்மை முடிவை முதலில் எழுதினேன், துணை முடிவில் இரண்டு கணக்கையும் போட்டேன், பக்கவிளைவுகளுக்கு ஒரு வரி ஒதுக்கினேன். மருந்து ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட்டின் அப்ஸ்ட்ராக்ட் வழிகாட்டுதலும் பக்கவிளைவைச் சொல்லத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் வைத்திருந்தார்கள். பட்டியலில் ஒரு குழுவில் 212 பேர், உரையில் அதே குழு 221. எது சரி என்று நானாக முடிவுகட்டாமல், ஓரத்தில் கமென்ட் போட்டு கட்டுரையின் ஆசிரியர்களிடம் உறுதி செய்யவேண்டும் என்று எழுதினேன். நேர்காணலில் முதல் பேச்சே அந்தக் கமென்ட்தான்.

நேர்காணல் எங்களுக்கு மத்தியானம், அவர்களில் ஒருவருக்கு லண்டனில் காலை. "முழுக் கட்டுரையும் நீங்கள் எழுதினீர்கள். ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் வருமா?" என்று கேட்டார். எழுத உதவியதற்காக மட்டும் ஆசிரியர் ஆகிவிட முடியாது என்பது ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு) விதி. ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவது அல்லது ஆழமாகத் திருத்துவது, இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு என நான்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நன்றி பகுதியில் பெயரும், எழுதக் கூலி கொடுத்தது யார் என்பதும் வெளிப்படையாக வர வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் கதை உண்டு. 2004-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட வயாக்ஸ் மருந்தைப் பற்றிய கட்டுரைகளில் பெயர் வெளியே வராத மறைமுக எழுத்தாளர்கள் வேலை செய்ததை 2008-ல் ஜாமா இதழ் ஆவணங்களோடு வெளியிட்டது. அது தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்டார்கள். வெளியாகாத ஆய்வுத் தரவை பொதுவான ஏஐ கருவியில் போடக்கூடாது, ஏஐ-யை ஆசிரியராகக் காட்டவும் கூடாது என்றேன். அதற்குமேல் தோண்டவில்லை.

ஆஃபர் வந்த பிறகுதான் பெரிய தொல்லை. பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். அவையோ கல்லூரி பீரோவில். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டவர்கள், செமஸ்டர் நடுவில் போகிறவளுக்கு எதற்கு என்று இழுத்தடித்தார்கள். அம்மாவோ, "மக்ளே, இருந்த வேலையும் போயிரப்போவுது" என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. புது நிறுவனத்திடம் நிலைமையைச் சொல்லி சேரும் தேதியைத் தள்ளி வாங்கினேன், பிராக்டிகல் தேர்வுகளை நடத்திக் கொடுத்தேன், எழுத்தில் கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். அப்புறம்தான் பீரோ திறந்தது. இன்னும் சேராதவர்கள் எந்தக் கல்லூரியிலும் ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

முயற்சி செய்கிறவர்களுக்குப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. மருத்துவக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பப்மெட் சென்ட்ரல் இணையதளத்தில் ஏதாவது ஒரு மருந்து ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அப்ஸ்ட்ராக்ட்டைப் பார்க்காமல் நீங்களே ஒன்று எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்களுக்கு நேரே பக்க எண்ணைக் குறிக்க மறக்க வேண்டாம். சேர்ந்த பிறகு முதலில் கையில் தருவதும் மற்றவர் எழுதியதில் எண் சரிபார்க்கும் வேலைதான்.