பெரட்டுக்கு வந்த பெட்டரி

போன மாதம் மழை கொட்டிய ஒரு ராத்திரி, கரண்ட் போய்விட்டது. இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கம் அது ஒன்றும் புதினமில்லை. தேயிலைக்குள் சிறுத்தை திரிகிறது என்ற பேச்சுதான் புதினம். பக்கத்துக் காம்பரா நாயை வேறு இரண்டு நாளாகக் காணோம். எங்களுக்கோ கக்கூஸ் வெளியே.

அம்மா டோர்ச்சோடு இறங்கினார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையைத் தாண்டியதும் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, செத்தது. அவர் திரும்பி ஓடிவந்த வேகத்துக்குச் சிறுத்தையே வழிவிட்டிருக்கும்.

"நேத்துதானே சார்ஜ் போட்டேன்னு சொன்ன?"

போட்டது உண்மை. மறுநாள் மீட்டரை எடுத்து நான்கு பெட்டரிகளையும் அளந்தேன். 1.34, 1.33, 1.34, 1.33 வோல்ட். நிக்கல் பெட்டரிக்கு 1.2 என்றுதான் மேலே அச்சடித்திருக்கும். அதைவிடக் கூடவே இருக்கிறது. "பெட்டரி தங்கம், டோர்ச்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லி டோர்ச்சைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது.

அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்த அம்மாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பது வருடம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுத்த ஆள். "பெரட்டுல பேரு குடுக்க எல்லாருந்தான் வருவாங்க. கூடை நெறஞ்சப்புறம் ஏத்தத்துல நடக்கச் சொல்லிப் பாரு."

சுருக்கென்றது. மீட்டருக்குள் இருக்கும் தடை மெகா ஓம் கணக்கு. அது பெட்டரியிடம் வேலையே வாங்குவதில்லை, பேர் மட்டும்தான் கேட்கிறது. டோர்ச் அரை ஆம்பியர் கேட்கும். கிழடான பெட்டரிக்கு உள்தடை, அதாவது உள்ளேயே கரண்டை மறிக்கும் தடை, ஏறிப்போயிருக்கும். கரண்டை இழுத்தால் வோல்டேஜ் அங்கேயே கரைந்துவிடும்.

டோர்ச்சைப் போலவே பெட்டரியிடம் வேலை வாங்க, பழைய ரேடியோ ஒன்றிலிருந்து 2.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பிடுங்கினேன். சிவப்பு, சிவப்பு, தங்கம் என்று சேலைக்கரை போட்டிருந்தது. அதைப் பெட்டரியின் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டே மீட்டரை வைத்தேன். முதலாவது 1.26. இரண்டாவது 1.25. மூன்றாவது 1.26. நான்காவது 0.98, 0.95, 0.91 என்று கண்ணெதிரே சரிந்தது. அதற்குள் ரெசிஸ்டர் சூடேறி என் கட்டைவிரலில் கரையைப் பதித்துவிட்டது. அரை வாட்டுக்கு மேல் வெப்பம், வெறும் விரலால் பிடிப்பேனா? பிடித்தேன்.

வரிசையாகப் போட்டால் இந்த ஒன்றுதான் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே கரண்டைத் தள்ளித் தலைகீழாகவே சார்ஜ் ஏற்றி, அதை இன்னும் கெடுக்கும்.

தங்கச்சியின் நகப்பூச்சால் அதன் மேல் ஒரு புள்ளி வைத்து, வீசப் போனேன்.

"ஏன்டா வீசுற? வயசான ஆளுன்னா பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பணும்" என்றார் அம்மாயி. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது, லேசான வேலை.

இப்போது அது சுவர்க்கடிகாரத்தில் இருக்கிறது. நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. அம்மாதான் மிஞ்சிய ஸ்பிரிங்கைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.