இரண்டாம் விருப்பு வாக்கு

தேர்தல் முறைகள் பற்றி நான் படிப்பிக்கும் பாடக்குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணவேண்டிய நிலை இதுவரை வந்ததில்லை." வருடா வருடம் அந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்கள். எட்டிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் 50.43 வீதம், 2005இல் 50.29 வீதம் என்று மயிரிழையில் தாண்டியவர்களும் உண்டு.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வரி பழசாகிப்போனது. அதற்கு முதல்நாளிலிருந்து நவம்பர் 14 வரையான ஏறக்குறைய எட்டு வாரங்களை எப்படிக் கடந்தேன் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். யாருக்கு வாக்களித்தேன் என்று எழுதமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

முதலில் 2005ஐச் சொல்லவேண்டும். அப்போது நான் பல்கலைக்கழக மாணவி. அந்தத் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நானும் போகவில்லை. முழு நாட்டிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகள் அளவில்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவள் என்ற நினைப்பு, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடிக்கு நடக்கும்போது கூடவே வரும்.

செப்டம்பர் 21 காலை அம்மாவோடு போனேன். 38 பேர் போட்டியிட்டார்கள், சீட்டு ஒன்றரை முழ நீளம். முதல்நாள் இரவு அம்மா கேட்டார்: "ஒராளுக்கு மட்டும் போட்டாக் காணும்தானே, பிள்ளை?" காணும் என்றேன். ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடியோ 1 என்ற இலக்கமோ போதும். விரும்பினால் இன்னும் இருவருக்கு 2, 3 என்று போடலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2 யாருக்கு, அது அந்த இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் 3 யாருக்கு என்று பார்த்துச் சேர்ப்பார்கள். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே, ஒரு பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கட்டங்கள் கீறி அம்மாவுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். இரண்டு தடவை தலையாட்டிவிட்டு, "எனக்கு ஒண்டு போதும்" என்று எழும்பிப் போனார்.

தடுப்புக்குப் பின்னால் நின்றபோது என் கை 1ஐச் சுலபமாகப் போட்டுவிட்டது. பிறகு 2. பேனை பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அந்த இலக்கத்துக்கு எவ்வளவு பெறுமதி என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவள் நான். ஒருவரின் பெயருக்கு நேரே போனால் 2006 ஞாபகம் வந்தது: வடக்கு கிழக்கு இணைப்பைப் பிரிக்கச் சொல்லி மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) உச்ச நீதிமன்றம் போன வருடம். இன்னொருவரின் பெயருக்கு நேரே போனால் 2022 பொருளாதார நெருக்கடியின் எரிபொருள் வரிசைகளும் அதற்குப் பிறகு கூடிய வருமான வரியும், அந்த வரியோடு வெளிநாடு போய்விட்ட என் சக விரிவுரையாளரின் பூட்டிய அறையும் ஞாபகம் வந்தன. சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். இடதுகைச் சின்னவிரலில் மை காயும் வரைக்கும் அம்மாவோடு ஒன்றும் கதைக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு ஊரடங்கு. தேர்தல் அமைதியாக நடந்திருந்தும் ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா யன்னல்களைச் சாத்தினார். அது அவருக்குப் பழகிய அசைவு. நான் கட்டம்போட்ட கொப்பி ஒன்றை விரித்துவைத்து, தபால்மூல வாக்குகளிலிருந்து தொடங்கி மாவட்டம் மாவட்டமாக எழுதினேன். அதிகாலை மூன்று மணிக்கே போக்கு விளங்கிவிட்டது. 2019இல் 3 வீதம் எடுத்தவர் 40ஐத் தாண்டி நின்றார். ஆனால் 50 வராது. ஊரடங்கை மத்தியானம் வரை நீட்டினார்கள். கடைசியில் ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 42.31, சஜித் பிரேமதாச 32.76, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 17.27. விருப்பு வாக்குகளை எண்ணப்போவதாக ஆணைக்குழு அறிவித்தது.

அந்த அறிவிப்பைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. வென்றவருக்காகவும் இல்லை, தோற்றவருக்காகவும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் எழுதிக் கிடந்த ஒன்றை, மண்டபங்களில் நித்திரையில்லாமல் இருந்த அரச ஊழியர்கள் முதன்முதலாகச் சீட்டுச் சீட்டாகப் பிரித்துச் செய்தார்கள். துப்பாக்கி இல்லை, தீ இல்லை. ஒரு ஆட்சி போய் இன்னொரு ஆட்சி வருவதற்கான வேலை, எண்ணுவது மட்டுமாக இருந்தது. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பின்னேரம் முடிவு வந்தது. விருப்பு வாக்குகளால் அநுரவுக்குக் கூடியது 1,05,264. சஜித்துக்கு 1,67,867. கொப்பியில் ஒரு கழித்தல் போட்டேன். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் இந்த இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தவை 2,73,131 மட்டும்தான், நூற்றுக்கு எட்டு. மற்றத் தொண்ணூற்றிரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. ஆகவே, விருப்பு வாக்கு முறையில் வெல்பவர் பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதத்தோடு வருகிறார் என்று நான் படிப்பித்ததும் சரியில்லை. செல்லுபடியான மொத்த வாக்குகளில் அவருக்குக் கடைசியில் கிடைத்தது 43 வீதம். இரண்டாவது எண்ணிக்கைக்குள் வந்த வாக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால்தான் அது பாதியைத் தாண்டுகிறது. முறையில் பிழை இல்லை. 2 போடுவது என்பது மனத்தால் எவ்வளவு கடினமான வேலை என்பதை நான் ஒருநாளும் பாடத்தில் சேர்த்ததில்லை.

திங்கட்கிழமை அவர் பதவியேற்றார். அன்றிரவு தெற்கிலிருந்து ஒரு தோழி தொலைபேசியில் அழைத்தாள். அவளும் விரிவுரையாளர், சிங்களவர். 1989இல், ஜே.வி.பி.யின் கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கிய காலத்தில், அவளுடைய மாமா ஒருவரைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அவள் அழுதுகொண்டே கதைத்தாள். "அம்மம்மா இருந்திருக்கவேண்டும்" என்றாள். அவளுக்கு அந்தச் சிவப்புக் கொடி மாமாவின் கொடி. எனக்கு அது நீதிமன்ற வழக்கின் கொடி. நான் வாழ்த்துச் சொன்னேன், அவளுக்காக மனமாரத்தான் சொன்னேன். பிறகு 2006ஐயும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அந்த நட்பில் ஒரு மூலை பொய்யாக இருந்துவிடும் என்று பட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையும் நாங்கள் கேட்கவேண்டும்" என்றாள். அந்த எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய ஆறுதல் அந்த 'நாங்கள்'.

அடுத்தநாள் ஹரினி அமரசூரிய பிரதமரானார். திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 2012இல் நாட்டின் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கிட்டத்தட்ட நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தோம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று. அப்போது நான் வேலைக்குப் புதிது, சம்பளமில்லாத மாதங்களில் அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் சாப்பிட்டோம். அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் இப்போது பிரதமர். அன்றைக்குச் சந்தோசப்பட்டேன், மறைக்கவில்லை. அந்த 6 வீதம் இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன்.

விரிவுரை மண்டபத்தில் நிலைமை வேறு. எங்கள் மாவட்டத்தில் சஜித்துக்கு ஒரு இலட்சத்து இருபத்தோராயிரம் அளவில், தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு அதற்குக் கொஞ்சம் குறைய. அநுரவுக்கு இருபத்தேழாயிரம்தான். முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழும்பி, "மிஸ், நாங்கள் தோத்திட்டமா, வெண்டிட்டமா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. 'நாங்கள்' யார் என்று முதலில் எழுதுங்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். சிலர் தமிழர் என்று எழுதினார்கள். ஒருத்தி, வேலை கிடைக்காத பட்டதாரிகள் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாராளுமன்றம் கலைக்கப்பட்டு நவம்பர் 14க்குத் தேர்தல் வந்தது. திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு ஆசனம் கிடைத்தாலே பெரிய விஷயம் என்று வகுப்பில் சொன்னேன். இருபத்தேழாயிரம் எண்பதாயிரத்தைத் தாண்டியது. ஆறு ஆசனத்தில் மூன்று. தெற்கின் கட்சி ஒன்று எங்கள் மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல்தடவை. நாடு முழுவதும் 225இல் 159. எனக்குப் பயமாகவும் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிய பெரும்பான்மை இந்த நாட்டில் யாருடைய கையிலிருந்தும் எங்களுக்கு நல்லது கொண்டுவந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் மாணவர்களில் பலர் விருப்பத்தோடுதான் போட்டிருந்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் கட்சிகள் பிரிந்து பிரிந்து நின்றதையும், வீட்டுச் சின்னக்காரரான தமிழரசுக் கட்சியினரே செப்டம்பரில் இரண்டு பக்கம் இழுபட்டதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த தொகுதி மாணவர்களுக்குப் பாடக்குறிப்பைத் திருத்தினேன். அந்த ஒரு வரி இப்போது ஒன்றரைப் பக்கம். கொப்பியில் போட்ட கழித்தலையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"மிஸ், நீங்கள் 2 போட்டனீங்களா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். பாடம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது. சோக்கை மேசையில் வைத்துவிட்டு, 2005இலிருந்து சொல்லத் தொடங்கினேன்.